காது கேட்கிறது, சொன்னது புரியவில்லை: என் மகளின் மொழிக் குறைபாட்டைக் கண்டறிந்த கதை

என் மகளுக்கு இருப்பது மொழி வளர்ச்சிக் குறைபாடு, அதாவது வேறு வெளிப்படையான காரணம் இல்லாமலே மொழியைப் புரிந்துகொள்வதும் பேசுவதும் தொடர்ந்து சிரமமாக இருப்பது, என்று ஒருவர் தெளிவாகச் சொன்னபோது அவளுக்கு எட்டு வயது. அறிகுறிகள் இரண்டு வயதிலேயே இருந்தன. நடுவில் கழிந்த வருடங்களில் சேமிப்பின் பெரும்பகுதி கரைந்தது, நான் முழுநேர வேலையை விட்டுப் பகுதிநேரத்துக்கு மாறினேன், அதையெல்லாம் விட அவள் தன்னை மக்கு என்று நம்பத் தொடங்கியிருந்தாள். எதை யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் தனியாக அலைந்தவள் நான். இன்று அதே இடத்தில் நிற்கும் இன்னொரு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பார்த்ததையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

இரண்டு வயது முடிந்தபோது அவள் சொன்ன சொற்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். குழந்தை மருத்துவர் "பயப்படாதீங்கம்மா, சில குழந்தைங்க லேட்டாத்தான் பேசும்" என்றார். வீட்டுப் பெரியவர்கள் "இவ அப்பனே ரொம்ப நாள் கழிச்சுத்தான் வாயைத் திறந்தான்" என்றார்கள். இரண்டும் எனக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்டவை. பொதுவாக இரண்டு வயதில் ஐம்பது சொற்களாவது இருக்கும், இரண்டு சொற்களைச் சேர்த்தும் பேசத் தொடங்கியிருப்பார்கள். அப்படிப் பேசாத குழந்தைகளில் நிறையப் பேர் பின்னால் தாமாகவே தேறிவிடுவது உண்மைதான். ஆனால் எந்தக் குழந்தை தேறும், எந்தக் குழந்தைக்கு உதவி வேண்டும் என்று பிரித்துப் பார்க்கச் சில வழிகள் உண்டு. பேச்சு வராவிட்டாலும் சொல்வது புரிகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, குடும்பத்தில் வேறு யாருக்காவது பேச்சோ படிப்போ தாமதமாக வந்ததா என்று கேட்க வேண்டும். இந்தக் குறைபாடு குடும்ப வழியிலும் வரக்கூடியது. அவள் அப்பாவும் தாமதமாகப் பேசினார் என்பது காத்திருக்கச் சொல்லும் காரணம் அல்ல, சீக்கிரம் போய்ப் பார்க்கச் சொல்லும் காரணம்.

புரிகிறதா என்பதைச் சோதிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நான் வாசலில் பையோடு நின்றுகொண்டு "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் ஓடிப்போய் எடுத்து வருவாள். சொற்கள் புரிந்ததாக யாருக்கும் தோன்றும். உண்மையில் அவளுக்குப் புரிந்தது நான் நின்ற இடம், கையிலிருந்த பை, என் பார்வை போன திசை. பின்னாளில் ஒரு பேச்சு மொழி சிகிச்சையாளர் என்னை உட்கார வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, எதையும் பார்க்காமல், அந்த நேரத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லச் சொன்னார். "சீப்பைத் தலையணைக்கு அடியில வை" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதை வீட்டிலேயே யாரும் செய்து பார்க்கலாம். வயதுக்கேற்ற எளிய கட்டளையாக இருக்கட்டும், சைகை மட்டும் இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழக்கத் தொடங்கினாலோ, முன்பு புரிந்தது இப்போது புரியாமல் போனாலோ ஒரு நாள் கூடக் காத்திருக்காதீர்கள். லாண்டாவ்-கிளெஃப்னர் என்ற அரிதான வலிப்பு சார்ந்த நோயில் இப்படி ஆகும். வெளியில் வலிப்பே தெரியாமலும் இருக்கலாம், தூக்கத்தில் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி பரிசோதனையில்தான் பிடிபடும். அது நரம்பியல் மருத்துவர் உடனே பார்க்க வேண்டிய விஷயம்.

நான்கு வயதில் அவள் வாக்கியமாகப் பேச ஆரம்பித்ததும் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் பேசியதில் பாதி, எங்கேயோ கேட்டு அப்படியே மனப்பாடமான வாக்கியங்கள். "எப்போ வந்தே?" என்று கேட்டால் "பஸ்ல" என்பாள். "விளக்கை அணைக்கிறதுக்கு முன்னாடி கதவைச் சாத்து" என்றால் முதலில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தடவிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துவாள். எந்தச் சொல் முதலில் காதில் விழுந்ததோ அந்த வேலையை முதலில் செய்வாள், நடுவில் வந்த 'முன்னாடி' அவளுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. பள்ளியில் இது பிடிவாதம் என்று பெயர் வாங்கியது. அப்புறம் கவனமின்மை என்றார்கள். அவள் அமைதியானவள், பக்கத்துக் குழந்தை நோட்டை எடுத்தால் தானும் எடுப்பாள், எல்லோரும் சிரித்தால் சிரிப்பாள். கலாட்டா செய்யும் குழந்தைகளை யாராவது ஒருவர் எங்காவது அனுப்பி வைக்கிறார்கள். இப்படிப் பார்த்துச் சமாளிக்கும் குழந்தைகள், அதிலும் பெண் குழந்தைகள், கண்ணில் படாமலே வகுப்பு வகுப்பாக ஏறிவிடுகிறார்கள்.

முதல் வகுப்பில் ஆசிரியை "காது சரியாக் கேக்குதான்னு பாருங்க மேடம்" என்றார். அவர் சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அதுதான். எந்தக் குழந்தைக்கும் மொழிப் பிரச்சினை என்று சந்தேகம் வந்தால் முதல் படி செவித்திறன் பரிசோதனை. அதிலும் ஒலி கேட்டதும் கையைத் தூக்கச் சொல்லும் சோதனையோடு நிறுத்திவிடாமல், நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரியும் செய்யச் சொல்லுங்கள். சளி பிடிக்கும்போதெல்லாம் நடுக்காதில் நீர் சேரும் குழந்தைகளுக்குக் கேட்கும் திறன் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், சோதனை செய்த அன்று நன்றாக இருந்தால் எல்லாம் சரி என்று எழுதிவிடுவார்கள். என் மகளுக்கு இரண்டுமே சரியாக இருந்தன. வெளியே வரும்போது கையில் இருந்த தாளில் 'இயல்பு' என்று இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான், எனக்கு அழுகை வந்தது. காது நன்றாக இருக்கிறது, அப்படியென்றால் இவள் ஏன் இப்படி என்ற கேள்விக்கு அந்த அறையில் யாரும் அடுத்த படி சொல்லவில்லை.

அந்த இடைவெளியில்தான் பணம் போனது. தெரிந்தவர் மூலம் ஒரு பயிற்சி மையம் அறிமுகமானது. முதல் சந்திப்பிலேயே, மகளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, "மூளை ஒலியைப் பிரிக்கிற வேகம் குறைவு, ஹெட்போன்ல விசேஷமா வடிகட்டின இசையைக் கேட்க வெச்சா சரியாகிடும்" என்றார்கள். கூடவே வாய்த் தசைக்கு விசில் ஊதுவது, குழல் வழியாக உறிஞ்சுவது, நாக்கை மடிப்பது. மொத்தத் தொகையையும் முன்பணமாகக் கட்ட வேண்டும். கட்டினேன். அவள் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள், நான் வெளியே நாற்காலியில். ஒரு கல்வியாண்டு முழுவதும் மாலை நேரம் அங்கே போனது. முடிவில் "நல்ல முன்னேற்றம்" என்று ஒரு தாள் கொடுத்தார்கள், எதில் முன்னேற்றம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மீதிப் பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை.

இப்படி வடிகட்டின இசையைக் கேட்க வைக்கும் செவி ஒருங்கிணைப்புப் பயிற்சிகள் அறிவியல் தரத்தை எட்டவில்லை என்று அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கம் 2004-லேயே சொல்லியிருக்கிறது. விசில் ஊதுவதால் பேச்சுத் தெளிவாகும் என்பதற்கே நம்பகமான ஆதாரம் இல்லை, மொழி புரிவதற்கு அதனால் என்ன ஆகிவிடும்? அதனால் எந்த இடத்திலும் பணம் கட்டும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். குழந்தையின் மொழித்திறனை முழுதாக மதிப்பிட்ட பிறகுதான் பயிற்சி தொடங்குமா? மூன்று மாதத்தில் அவள் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பீர்களா? பயிற்சி நடக்கும்போது நான் உள்ளே உட்காரலாமா? அமர்வுக்கு அமர்வு பணம் கட்டலாமா? பயிற்சி கொடுப்பவரின் படிப்பு என்ன, எங்கே பதிவு செய்திருக்கிறார்? இதில் ஏதாவது ஒன்றுக்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம். முழுக் குணம் என்று உறுதி கொடுத்தால் கேள்வியே கேட்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

அதே மையம் இன்னொன்றும் செய்தது. அவளுக்கு ஏழு வயது நிரம்பும் முன்பே செவிவழிச் செயலாக்கக் குறைபாடு என்று எழுதிக் கொடுத்தது. இது உண்மையிலேயே பேசப்படும் ஒரு பிரச்சினைதான். காது ஒலியை வாங்குகிறது, ஆனால் இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுப்பதும், இரண்டு காதிலும் வெவ்வேறு சொற்கள் ஒரே நேரத்தில் விழும்போது இரண்டையும் பிடிப்பதும் கடினமாக இருக்கும். ஆனால் அந்தச் சோதனைகளில் சின்னக் குழந்தைகளின் மதிப்பெண் நாளுக்கு நாள் மாறும் என்பதால் பெரும்பாலும் ஏழு வயதுக்கு மேல்தான் செய்வார்கள். அதோடு பல சோதனைகள் சொற்களையும் எண்களையும் கேட்டுத் திருப்பிச் சொல்ல வைப்பவை. மொழியே தடுமாறும் குழந்தை அதில் குறைவாகத்தான் எடுக்கும், அது காதுப் பாதையின் குறையா மொழியின் குறையா என்று அந்தச் சோதனை மட்டும் சொல்லாது. இதைப் பிறகு ஒரு செவித்திறன் நிபுணர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். "முதல்ல மொழியை யாராவது முழுசா பாத்திருக்காங்களா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

பேச்சு மொழி சிகிச்சையாளரிடம் நடந்த மதிப்பீடு எப்படி இருக்கும் என்று எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல மதிப்பீட்டையும் சும்மா செய்வதையும் பிரித்துப் பார்க்க இது உதவும். ஒரே அமர்வில் முடியவில்லை, களைத்ததும் நிறுத்திவிடுவார். படங்களைக் காட்டி ஒரு சொல்லைச் சொல்லித் தொடச் சொன்னார். அர்த்தமே இல்லாத 'நபிடகோமு' மாதிரிச் சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார், மூன்று அசையைத் தாண்டியதும் அவளால் முடியவில்லை. "மழை வந்ததால் விளையாடப் போகாத பையன் வீட்டில் படம் வரைந்தான்" என்பதை அப்படியே சொல்லச் சொன்னார், அவள் "மழை வந்து பையன் படம் வரைஞ்சான்" என்றாள். அப்புறம் பொம்மைகள். "நாயைப் பூனை துரத்தியது, செஞ்சு காட்டு" என்றார். அவள் நாயை எடுத்துப் பூனையைத் துரத்தினாள். "பூனை நாயைத் துரத்தியது" என்றபோது சரியாகச் செய்தாள். மறுபடி வரிசையை மாற்றினார், மறுபடி நாய்தான் துரத்தியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாம் யோசிக்காமலே பிடிக்கிற அந்தச் சின்ன 'ஐ' உருபு அவளுக்குப் பிடிபடவே இல்லை. இத்தனை வருடமும் வகுப்பில் அவள் கேட்ட கதைகளில் யார் யாரைத் துரத்தினார்கள், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் பாதிக்குப் பாதி தலைகீழாகத்தான் போயிருக்கும். அதே குழந்தை, பேச்சே தேவைப்படாத வடிவப் புதிர்களை மடமடவென்று முடித்தாள்.

மொழி வளர்ச்சிக் குறைபாடு என்று பெயர் சொன்னார், சுருக்கமாக டிஎல்டி. 2016, 2017-ல் டோரதி பிஷப் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் முன்னின்று நடத்திய ஆய்வில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிபுணர்கள் பேசி ஒப்புக்கொண்ட பெயர் இது. அதற்கு முன் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள், பழைய அறிக்கைகளில் குறித்த மொழிக் குறைபாடு என்று இருந்தால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். சுமார் 7 சதவீதக் குழந்தைகளுக்கு இருக்கிறது, முப்பது பேர் வகுப்பில் சராசரியாக இருவர். இவ்வளவு பேருக்கு இருந்தும் எனக்கு இதன் பெயரே தெரியாமல் இருந்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம்: மற்ற அறிவுத்திறன் எல்லாம் இயல்பாக இருந்து மொழி மட்டும் குறைந்தால்தான் இந்தப் பெயர் என்ற பழைய நிபந்தனையை அந்த நிபுணர்கள் எடுத்துவிட்டார்கள். அந்தக் காரணம் சொல்லி யாராவது உதவியை மறுத்தால் ஏற்காதீர்கள். அறிக்கையில் வரும் சதமான எண்ணையும் புரிந்துகொள்ளுங்கள். எங்கள் உறவினர் ஒருவர் 'ஐந்தாம் சதமானம்' என்பதை நூற்றுக்கு ஐந்து மதிப்பெண் என்று எடுத்துக்கொண்டு வீடெல்லாம் சொல்லிவிட்டார். அதே வயதுள்ள நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து ஐந்தாவது இடத்துக்குப் பக்கம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

சிகிச்சை என்று நடப்பது பார்ப்பதற்கு விளையாட்டுபோல இருக்கும், அதனால் சந்தேகப்படாதீர்கள். எங்களுக்கு முதலில் வைத்த இலக்குகள் மூன்றே மூன்று: யார் யாரை என்று பிரிப்பது, 'முன்பு', 'பிறகு' இரண்டும், 'ஏன்' கேள்விக்குப் பதில். செய்தவருக்கு ஒரு நிறம், செய்யப்பட்டவருக்கு ஒரு நிறம், செயலுக்கு ஒரு நிறம் என்று அட்டைகள், வாக்கியத்தை எப்படி மாற்றிப் போட்டாலும் 'ஐ' ஒட்டிய அட்டையின் நிறம் மாறாது. காதால் பிடிக்க முடியாததைக் கண் பிடித்துக்கொண்டது. வீட்டில் நான் செய்ய வேண்டியது, அவள் தவறாகச் சொன்னால் திருத்தாமல் சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்வது. "பூனை துரத்துச்சு நாய்" என்றால் "ஆமாம்மா, பூனை நாயைத் துரத்துச்சு" என்று, 'ஐ' காதில் விழும்படி கொஞ்சம் அழுத்தி. திருப்பிச் சொல்லு என்று கேட்கக் கூடாது. கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். இது கேட்க எளிது, செய்ய மிகக் கஷ்டம், பதில் வராத அந்த மௌனத்தில் நமக்கு வாய் துறுதுறுக்கும். கிளம்பும் அவசரத்தில் இதெல்லாம் நடக்காது, நடக்காத நாளுக்காக வருந்தவும் வேண்டாம். எங்களுக்குத் தூங்கப் போகும் முன் கிடைத்த கால் மணி நேரம்தான் உண்மையான பயிற்சி நேரம்.

பலன் மெதுவாகத்தான் வரும். முதல் சில மாதங்கள் ஒன்றுமே மாறாததுபோல இருந்தது. ஒரு மாலை அவளே "பல்லு தேய்க்கிறதுக்கு முன்னாடி கதை சொல்லு" என்றாள், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு. வரிசை சரியாக இருந்தது. அதே சமயம், இது மருந்து கொடுத்துப் போகிற காய்ச்சல் இல்லை, பெரியவளான பிறகும் நீண்ட வாக்கியங்களும் வேகமான பேச்சும் அவளுக்குச் சிரமமாக இருக்கலாம் என்று சிகிச்சையாளர் மறைக்காமல் சொன்னார். அப்படிச் சொன்னதாலேயே அவர் மேல் நம்பிக்கை வந்தது.

பள்ளியிலிருந்து ஒரு யோசனை வந்தது, வீட்டிலும் பள்ளி மொழியையே பேசுங்கள், இரண்டு மொழி குழப்புகிறது என்று. நான் ஏற்கவில்லை. இரண்டு மொழி கேட்பதால் இந்தக் குறைபாடு வராது, ஒரு மொழியை நிறுத்துவதால் போகவும் போகாது. குறைபாடு இருந்தால் இரண்டிலும் தெரியும், ஒன்றில் மட்டும் தடுமாறினால் அந்த மொழியை இன்னும் போதுமான அளவு கேட்கவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். அதனால் மதிப்பீடும் முடிந்தவரை குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் நடக்க வேண்டும். எனக்கு இயல்பாக வரும் மொழியை விட்டுவிட்டுத் தட்டுத்தடுமாறிப் பேசினால் அவளுக்குக் கிடைக்கும் பேச்சே குறைந்துவிடும். பாட்டியோடு அவள் எதில் பேசுவாள்?

வகுப்பறையில் கேட்டு வாங்கிய மாற்றங்கள் எதுவும் செலவு வைப்பவை அல்ல. முன் வரிசை, ஜன்னலுக்கும் மின்விசிறிக்கும் தள்ளி. திறந்த வெளிக் கணக்கில் தூரம் இரட்டிப்பானால் பேச்சின் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும், மூடிய அறையில் அதோடு எதிரொலியும் சேர்ந்துகொள்ளும், கடைசி வரிசைக்கு வருவது மங்கிய பேச்சுதான். கட்டளையை ஒவ்வொன்றாகச் சொல்வது, பலகையில் எழுதுவது, அடுத்த வாரப் பாடத்தின் புதிய சொற்களை முன்கூட்டியே எனக்குத் தருவது. இதில் கடைசியாகச் சொன்னதுதான் மிக அதிகமாக உதவியது, ஏற்கெனவே அறிமுகமான சொல் பாடத்தில் வரும்போது அவள் நிமிர்ந்து உட்கார்வாள் என்று ஆசிரியையே சொன்னார். புரிந்ததா என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிடுவாள், என்ன செய்யப் போகிறாய் என்று கேளுங்கள் என்றும் சொல்லி வைத்தேன். கணக்கு மதிப்பெண் குறைந்தால் கணக்கு வரவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம், வாக்கியக் கணக்கைப் படித்துக் காட்டி, படம் போட்டுக் காட்டிப் பாருங்கள் என்றேன். படிப்பதிலும் ஒரு கண் வைக்க வேண்டும். இந்தக் குழந்தைகளில் பலருக்கு எழுத்துக்கூட்டுவதிலும் சிக்கல் வரும், சிலர் சரளமாக வாசிப்பார்கள், வாசித்தது மட்டும் புரிந்திருக்காது. பின்னது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அவளிடமும் சொன்னோம். உன் மூளை புத்திசாலி மூளை, சொற்கள் வேகமாக வந்தால் மட்டும் அதற்கு நேரம் வேண்டும், இது உன்னைப்போல நிறையப் பேருக்கு உண்டு என்று. "அப்போ நான் மக்கு இல்லையா?" என்று கேட்டாள். அன்று இரவு வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். குழந்தையிடம் பெயரைச் சொல்லலாமா என்று தயங்குபவர்களுக்குச் சொல்கிறேன், நாம் சொல்லாவிட்டால் அவர்களாகவே ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள், அது இதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு வருடமும் ஆசிரியர் மாறும்போது எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும், அதனால் ஒரு பக்கக் குறிப்பு தயாராக வைத்திருக்கிறேன். முழு அறிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள். குறைபாட்டின் பெயர், அது வகுப்பில் எப்படித் தெரியும் என்பதற்கு இரண்டு மூன்று உதாரணம், எது உதவும், எது உதவாது, சிகிச்சையாளரைத் தொடர்புகொள்ளும் வழி, அவ்வளவுதான். இந்த முறை அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: "புரியலேன்னா பென்சிலை மேசை ஓரத்துல நிக்க வைப்பேன்." கையைத் தூக்கி எல்லோர் முன்னாலும் கேட்க அவளுக்குக் கூச்சம். இப்படி ஆசிரியருக்கும் குழந்தைக்கும் மட்டும் தெரிந்த ஓர் அடையாளத்தை வகுப்பு தொடங்கும் முதல் வாரத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், தேர்வு வரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.